பாமசி வேலையை விட்டுவிட்டு மட்டக்களப்பில் கொம்பவுண்டிங் பாமசி தொடங்கலாமா?

கேட்டவர் மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் பாமசியில் எட்டு வருடமாகப் பொறுப்பு மருந்தாளராக இருப்பவர். இலங்கை மருத்துவச் சபையில் பதிவும் இருக்கிறது. "நாள் முழுக்கக் குளிசை அட்டையை எடுத்து வெட்டிக் கொடுப்பதுதான் வேலை. படித்த படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதை விட்டுவிட்டு, வைத்தியர் எழுதுகிற அளவுக்கு மருந்தைக் கலந்து செய்து கொடுக்கும் பாமசி ஒன்றைச் சொந்தமாகத் தொடங்க நினைக்கிறேன். இங்கே சரிவருமா?" என்று கேட்டிருக்கிறார்.

சரிவரும். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் உருவத்தில் அல்ல. கலவை மருந்து மட்டும் செய்யும் கடையாகத் தொடங்கினால் முதல் வருடத்து வாடகையே கழுத்தை நெரிக்கும். வழமையான பாமசி ஒன்றை நேர்மையாக நடத்தி, அதற்குள் ஒரு சின்ன அறையைக் கலவைக்கென்று ஒதுக்கி, பிள்ளைகளின் மருந்திலும் தோல் மருந்திலும் கைவைத்தால் நிலைத்து நிற்கலாம். நான் கிழக்கில் அரச ஆஸ்பத்திரியிலும், பிறகு வளைகுடா நாடொன்றில் பிள்ளைகள் ஆஸ்பத்திரி ஒன்றின் கலவைப் பிரிவிலும் வேலை செய்தவன். இப்போது கல்முனைப் பக்கம் சொந்தப் பாமசி. பதில் கொஞ்சம் நீளும்.

உங்கள் மனக்குறை நியாயமானது. இங்கே எத்தனையோ கடைகளில் முதலாளிக்குத் தேவைப்படுவது மருந்தாளரின் சான்றிதழ் மட்டும்தான். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதோடு மருந்தாளரின் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கவுண்டரில் நின்று மருந்துத் துண்டை வாசிப்பது ஓ.எல். முடித்த பிள்ளைகள். இதில் மனம் வெறுத்துப் போவது இயற்கை. ஆனாலும் அந்தக் கவுண்டரில் நீங்கள் கற்றது வீண் போகாது. கிறுக்கலான துண்டை வாசிப்பது, இரண்டு மருந்து ஒன்றோடொன்று மோதுவதைப் பிடிப்பது, சந்தேகம் வந்தால் வைத்தியருக்குத் தயங்காமல் கோல் எடுப்பது, இவையெல்லாம் கலவை அறையில் இன்னும் அதிகமாகத் தேவைப்படும்.

தேவை எங்கே இருக்கிறது என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். இதயக் கோளாறோடு பிறந்த ஐந்து கிலோ குழந்தை. ஸ்பைரொனோலக்டோன் 5 மி.கி, நாளைக்கு இரண்டு வேளை என்று துண்டு எழுதப்படுகிறது. கடையில் இருப்பது 25 மி.கி குளிசை. தாய் என்ன செய்வார்? "மகன், அஞ்சாய் வெட்டச் சொன்னாங்க, பிளேட் வச்சி வெட்டினா நொறுங்குது" என்று வந்து நிற்பார். ஆஸ்பத்திரிகளில் குளிசையைப் பொடித்துத் தூள் பொட்டலமாக மடித்துக் கொடுப்பது வழமை. அது பிளேடை விட எவ்வளவோ மேல். ஆனாலும் சன நெரிசலில் பொட்டலங்களைக் கண்மட்டத்தில்தான் பிரிப்பார்கள். ஒன்றில் 4 மி.கி இருக்கும், அடுத்ததில் 7 இருக்கும். பெரிய ஆளுக்கு அது ஒன்றும் செய்யாது. ஐந்து கிலோ குழந்தைக்குச் செய்யும்.

இதையே பாணியாகச் செய்தால் எப்படி என்று பாருங்கள். 1 மி.லீக்கு 5 மி.கி வீதம் 30 மி.லீ செய்ய வேண்டும். அப்படியானால் 25 மி.கி குளிசை ஆறு, மொத்தம் 150 மி.கி. மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு பீங்கான் உரலில் குளிசையை மாவாக அரைக்க வேண்டும். விரலுக்கிடையில் தேய்த்தால் மணல் தட்டுப்படக் கூடாது. பிறகு கிளிசரின் சில துளி விட்டுப் பசையாகக் குழைக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். தூள் சரியாக நனையாவிட்டால் பாணிக்கு மேலே மிதக்கும், எவ்வளவு குலுக்கினாலும் கட்டியாகவே நிற்கும். பசை வழுவழுப்பானதும் ஊடகத்தை, அதாவது மருந்தைத் தாங்கி நிற்கும் திரவத்தை, சிறிது சிறிதாகச் சேர்த்து, அளவுச் சாடியில் ஊற்றி, உரலை அதே ஊடகத்தால் இரண்டு தடவை அலசி அதையும் சாடிக்குள் ஊற்றி, 30 மி.லீ கோடு வரை நிரப்ப வேண்டும். உரலில் ஒட்டியிருப்பதும் மருந்துதான். அதை விட்டால் குழந்தைக்குக் குறையும். நாளைக்கு 2 மி.லீ வீதம் 14 நாளுக்கு 28 மி.லீ. மிச்சம் 2 மி.லீ போத்தல் சுவரில் ஒட்டுவதற்கு.

மருந்து செய்து முடித்ததும் வேலை முடியாது. வாயால் கொடுக்கும் சிரிஞ்சில் 1 மி.லீ கோட்டில் நிறப் பேனையால் அடையாளம் போட்டு, தாயின் கையாலேயே ஒரு தடவை தண்ணீரை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். தேக்கரண்டியால் கொடுத்துவிட்டால் 5 மி.லீ போய்விடும், அது ஐந்து மடங்கு. லேபலில் "நன்றாகக் குலுக்கிவிட்டுக் கொடுக்கவும்" என்பது பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அம்பாறை நகரப் பக்கம் கடை போட்டால் சிங்களத்திலும் அடிக்க வேண்டும்.

ஏன் 14 நாள் என்று கேட்பீர்கள். அமெரிக்க மருந்து நூலின் 795 ஆம் அத்தியாயம், 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வேறு ஆய்வு ஆதாரம் இல்லாத கலவைகளுக்கு ஒரு மேல் எல்லை வைத்திருக்கிறது. கெடாமல் காக்கும் பொருள் சேர்க்காத நீர்க்கலவை குளிர்சாதனப் பெட்டியில் 14 நாள், சேர்த்தால் அறை வெப்பநிலையிலும் 35 நாள். தண்ணீரே படாத எண்ணெய்க் கலவையாக வாய்க்குக் கொடுப்பது 90 நாள், தூளும் கப்சூலும் 180 நாள். குறிப்பிட்ட கலவைக்கு வெளியான ஆய்வு இருந்தால் நாளை நீட்டலாம். ஆனால் அதே மருந்து, அதே செறிவு, அதே ஊடகம், அதே வகைப் போத்தலாக இருக்க வேண்டும். ஊடகத்தை மாற்றிவிட்டு அந்த ஆய்வின் திகதியை மட்டும் எடுத்து ஒட்டுவது பொய்.

இங்கே நம் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. அந்த நூல்களில் 'அறை வெப்பநிலை' என்றால் 20 இலிருந்து 25 பாகை வரை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மட்டக்களப்பில் ஒரு தகரக் கூரை வீட்டின் அறை அதற்கு எவ்வளவோ மேலே போய்விடும். வாடைக் காலத்தில் ஈரப்பதன் ஏறும், கப்சூல் கோது இளகி ஒட்டிக்கொள்ளும். எனவே 'அறை வெப்பநிலையில் 35 நாள்' என்று நூலில் இருப்பதை அப்படியே எழுதிக் கொடுக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டி என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் நாளைக் குறையுங்கள்.

அடுத்த கேள்வி, அந்த வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறதா? வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று படுவான்கரையிலிருந்து வருபவர்கள் பலரிடம் இருக்காது. வாகரைப் பக்கமும் அப்படித்தான். பொத்துவிலிலிருந்து வருபவருக்கு 14 நாளுக்கொரு முறை நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ் பயணம். இவர்களுக்கு அழகான பாணி செய்து கொடுப்பதில் அர்த்தமில்லை. லக்டோஸ் சேர்த்து நிறுத்து நிரப்பிய சின்னக் கப்சூல், திறந்து பாலிலோ கஞ்சித் தண்ணியிலோ கலந்து கொடுக்கிற மாதிரி, அதுதான் பொருத்தம். என் பாமசியில் துண்டை வாங்கியதும் ஊரையும் பிரிட்ஜையும் விசாரித்துவிட்டுத்தான் எந்த வடிவத்தில் செய்வது என்று வைத்தியரோடு பேசுவேன். கொம்பவுண்டிங் படிப்பில் இது ஒரு வரி. கிழக்கில் இதுதான் பாதி வேலை.

கப்சூல் என்றதும் தராசு வந்துவிடும். உங்கள் முதல் பெரிய செலவு அதுவாக இருக்கட்டும். 1 மி.கி உணர்திறன் உள்ள தராசில் 20 மி.கிக்குக் குறைவாக நிறுத்தால் பிழை 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். 10 மி.கி தேவையென்றால் நேராக நிறுக்காதீர்கள். 100 மி.கி மருந்தை 900 மி.கி லக்டோசோடு படிப்படியாகச் சேர்த்துக் கலந்து, அந்தக் கலவையில் 100 மி.கி எடுங்கள். அதற்குள் 10 மி.கி இருக்கும். மருந்து முழுவதையும் லக்டோசுக்குள் ஒரேயடியாகக் கொட்டிக் கிண்டினால் சமமாகக் கலக்காது. மருந்தின் அளவுக்குச் சம அளவு லக்டோஸ், பிறகு அந்த இரட்டிப்புக்குச் சமமாக மீண்டும் லக்டோஸ் என்று போக வேண்டும். படிக்கும்போது செய்திருப்பீர்கள், கவுண்டரில் நின்று கை மறந்திருக்கும்.

சட்டத்துக்கு வருவோம். பாமசி அனுமதிப்பத்திரம் தருவது 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை. மருந்து உற்பத்திக்கு அனுமதி வேறு, அதற்கான தரக் கட்டுப்பாடுகளும் வேறு. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டை நீங்கள் ஒருநாளும் தாண்டக் கூடாது. ஒரு நோயாளியின் பெயருக்கு வைத்தியர் எழுதிய துண்டுக்கு அளவாகச் செய்து கொடுப்பது மருந்தாளரின் வேலை. நூறு போத்தல் செய்து அடுக்கி வைத்து, பெயரும் படமும் போட்டு மற்றக் கடைகளுக்கு அனுப்புவது உற்பத்தி. கடைக்கு முற்பணம் கொடுக்க முன்னர், நீங்கள் செய்யப் போகும் வகைகளைப் பட்டியலிட்டு அதிகார சபைக்கு எழுதி, பதிலை எழுத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உணவு மற்றும் மருந்துப் பரிசோதகரிடமும் அறையின் வரைபடத்தைக் காட்டுங்கள். கட்டிய பிறகு இடிப்பதை விட இது மலிவு.

இனி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. ஊசி மருந்து, கண் சொட்டு, நாளத்தில் ஏற்றும் திரவம், இவை எதையும் தொடாதீர்கள். யார் கேட்டாலும் தொடாதீர்கள். 2012 இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் நியூ இங்கிலண்ட் கொம்பவுண்டிங் சென்டர் என்ற கலவைப் பாமசி முதுகுத்தண்டுப் பக்கம் போடும் ஸ்டீரொயிட் ஊசியைச் செய்து பல மாநிலங்களுக்கு அனுப்பியது. போத்தலுக்குள் பூஞ்சணம் இருந்தது. 750 பேருக்கு மேல் நோயாளியானார்கள், 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த வருடம் அந்த நாடு சட்டத்தையே மாற்றியது. ஒருவருக்கென்று செய்யும் வேலையென்று சொல்லிக்கொண்டு தொழிற்சாலை போல் செய்ததும், கிருமியற்ற அறையைக் கிருமியற்றதாக வைத்திருக்காததும்தான் அங்கே நடந்தது. வடிகட்டிய காற்று, தொடர்ச்சியான பரிசோதனை, பயிற்சி பெற்ற குழு எதுவும் இல்லாமல் நாம் அந்தப் பக்கம் போவது உயிரோடு விளையாடுவது.

வாய்க்குக் கொடுக்கும் பாணி ஆபத்தில்லாதது என்றும் நினைத்துவிடாதீர்கள். 2022 இல் காம்பியாவில் இருமல் பாணி குடித்த 60க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பாணிகளில் டைஎதிலீன் கிளைக்கோல் கலந்திருந்ததை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பாணியில் சேர்க்கும் கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்கோலும்தான் இந்த நஞ்சு நுழையும் வாசல். ஆகவே கொழும்பில் மலிவாகக் கிடைக்கிறது என்று கைத்தொழில் தரக் கிளிசரினை வாங்கி வராதீர்கள். மருந்துத் தரம், பகுப்பாய்வுச் சான்றிதழ், அதில் உள்ள தொகுதி இலக்கமும் கொள்கலனில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள். தண்ணீரும் அப்படித்தான். கடற்கரைப் பக்கமான எழுவான்கரைக் கிணறுகளில் உப்பும் இரும்பும் உண்டு. போத்தலில் வரும் குடிதண்ணீர் குடிப்பதற்கு நல்லது, மருந்துக்கு அது போதாது. மருந்துக்கென்று சுத்திகரித்த நீர்தான் வேண்டும்.

தோல் மருந்தில் வேலை நிறைய இருக்கிறது. வெப்பமும் வியர்வையும் உள்ள ஊர். வயலிலும் கடலிலும் நிற்கும் சனம். படர்தாமரைக்குப் பென்சோயிக் அமிலம் 6, சலிசிலிக் அமிலம் 3 சதவீதம் கலந்த விட்பீல்ட் களிம்பு பழைய மருந்து, இன்னும் பயன்படுகிறது. குதிகால் வெடிப்புக்கு யூரியா சேர்த்த களிம்பு, தடித்த தோலுக்குச் சலிசிலிக் அமிலத்தின் வெவ்வேறு வீதங்கள், இவையெல்லாம் கண்ணாடித் தட்டும் கரண்டியும் இருந்தால் செய்யலாம். தோல் வைத்தியர் ஒருவர் உங்களை நம்பினால் வாரத்துக்கு ஒழுங்காகத் துண்டு வரும்.

ஆனால் கடையில் களிம்பு கலக்கிறார்கள் என்று ஊருக்குள் தெரிந்ததும் முதலில் வரும் கூட்டம் நோயாளிகள் அல்ல. முகம் வெள்ளையாக வேண்டும் என்பவர்கள். கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும் பெண் பிள்ளையைத் தாயே கூட்டிக்கொண்டு வருவார். அழகுநிலையம் நடத்துபவர் மொத்தமாகக் கேட்பார், காசை முதலே மேசையில் வைப்பார். ஹைட்ரோகுயினோனையும் கடுமையான ஸ்டீரொயிட்டையும் கிரீமில் கலந்து கொடுத்தால் இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பி, நிறுத்தினால் எரியத் தொடங்கும். அந்தப் பிள்ளைகளின் முகத்தைக் கிளினிக்கில் பார்த்தவன் நான். துண்டு இல்லாமல் முகத்துக்கு எதையும் கலப்பதில்லை என்று முதல் நாளே கவுண்டரில் எழுதி ஒட்டுங்கள். பரியாரியார் சிலர் லேகியத்துக்குள் போட வலிக் குளிசையும் ஸ்டீரொயிட்டும் பொடித்துத் தரச் சொல்லிக் கேட்பதும் உண்டு. அதற்கும் இதே பதில்தான். சித்த, யூனானி வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நோயாளிக்குத் தெரியாமல் உள்ளே ஆங்கில மருந்து போடுவது எந்த வைத்தியத்திலும் சேராது.

துண்டு எங்கிருந்து வரும்? நம் நாட்டில் தனியார் குடும்ப வைத்தியர்கள் அநேகர் தாங்களே மருந்தும் கொடுத்துவிடுவார்கள். அங்கே எதிர்பார்க்காதீர்கள். பின்னேரம் செனல் பார்க்கும் பிள்ளை வைத்தியர், தோல் வைத்தியர், வலி நிவாரண வைத்தியம் செய்பவர்கள், பல் வைத்தியர்கள், மிருக வைத்தியர்கள். மட்டக்களப்பு, அம்பாறை என்று மாடு வளர்ப்பு நிறைந்த இரண்டு மாவட்டமும் இருக்கும்போது மிருக வைத்தியரை யாரும் யோசிப்பதில்லை, நீங்கள் யோசியுங்கள். இடம் என்று பார்த்தால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு நடந்து போகும் தூரம், அல்லது கல்முனை. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் கிட்டக் கிட்ட இருக்கின்றன, தெற்கே அக்கரைப்பற்று வரை சனம் அங்கே வரும். வைத்தியரிடம் போகும்போது ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று கொமிஷன் பேச்சை எடுக்காதீர்கள், அவர் எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கொமிஷனுக்கு வரும் துண்டு அதைவிடக் கூடக் கொடுப்பவன் வந்ததும் போய்விடும்.

ஆள் பலம் பற்றி நீங்கள் எழுதவில்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை. கவுண்டரில் மருந்தாளர் இருக்க வேண்டும். கலவை அறையில் இருக்கும்போது கோல் வந்தாலும் ஆள் வந்தாலும் எழும்பக் கூடாது. இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியாது, செய்தால் எண்ணிக்கை தவறும். ஆகவே இன்னொரு பதிவு பெற்ற மருந்தாளர் தேவை, பங்காளியாக இருந்தால் நல்லது. அவர் நீங்கள் நிறுத்ததைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். அவர் கிடைக்கும் வரை கலவைக்கென்று மத்தியானத்தில் ஒரு நேரம் வையுங்கள், செனல் கூட்டம் வரும் பின்னேரத்தில் வேண்டாம். ஒவ்வொரு கலவைக்கும் ஒரு தாள், அதில் குளிசையின் தொகுதி இலக்கம், நிறை, கணக்கு, செய்தவர், பார்த்தவர், கடைசித் திகதி. இந்தத் தாள் இல்லாமல் ஒரு போத்தலும் அறையை விட்டு வெளியே வரக் கூடாது.

வேலையை எப்போது விடுவது? அடுத்த மாதம் வேண்டாம். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே வீட்டில் ஒரு மேசை, தராசு, உரல் வைத்து மருந்தில்லாமல் லக்டோசை மட்டும் போட்டுக் கப்சூல் நிரப்பிப் பழகுங்கள். பத்துக் கப்சூலை எடுத்துத் தனித்தனியாக நிறுத்து, ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கும் வரை செய்யுங்கள், அந்த நிறைகளையெல்லாம் தாளில் எழுதி வையுங்கள். பிள்ளை வைத்தியரை முதன்முதலில் பார்க்கப் போகும்போது விசிட்டிங் காட்டை விட்டுவிட்டு அந்தத் தாள்களைக் கொண்டு போங்கள், எந்த மருந்துக்குச் சின்ன அளவு கிடைக்காமல் அவர் கஷ்டப்படுகிறார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் நாலைந்து மருந்துதான் உங்கள் முதல் பட்டியல். அதிகார சபைக்கு எழுத வேண்டிய பட்டியலும் அதுதான்.